பம்ப் மட்டும் வாங்கி வராதீர்கள்: ஆஸ்துமா பயிற்சியை அரசாங்கக் கிளினிக்கில் பெறுவது எப்படி

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தில் இருப்பவர்களுக்கும், தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேறு ஊர் என்றாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

என் அம்மாவுக்குப் பல வருடமாக இழுப்பு. அண்ணன் மகனுக்கும் உண்டு. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அலைந்ததில் தெரிந்துகொண்டது இது: ஆஸ்துமாவுக்குப் பம்ப், அதாவது இழுக்கும் மருந்து (இன்ஹேலர்), வாங்குவது ஒரு வேலை, அந்த மருந்தை எப்படி எடுப்பது, எப்போது கூட்டுவது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று கற்றுக்கொள்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு அவர்களே நம்பர் கொடுத்து உட்கார வைப்பார்கள். இரண்டாவதை நீங்கள் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும். வார்டில் படுக்க வேண்டியதில்லை. வெளிநோயாளியாகப் போய் அரை நாளில் திரும்பிவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அங்கே எப்படிப் போவது, என்ன கேட்பது என்பதுதான் இங்கே.

1. எங்கே போவது

தோட்டத்தில் டிரஸ்ஸர் இருந்தால் திடீர் இழுப்புக்கு முதலில் அவரைப் பார்ப்பது சரி. பயிற்சிக்கு அது இடமில்லை. கம்பெனி பேனல் கிளினிக்கிலும் கேஸ் (முகமூடி வழியாக மருந்துப் புகை) வைப்பார்கள், மாத்திரை கொடுப்பார்கள், எம்சி (நோய் விடுப்புச் சீட்டு) எழுதுவார்கள், அதோடு முடிந்தது. பக்கத்தில் கிளினிக் டேசா (கிராமக் கிளினிக்) இருக்கலாம், ஆனால் அது முக்கியமாகத் தாய் சேய் நலத்துக்கு.

நீங்கள் போக வேண்டியது கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். டாக்டர், எம்.ஏ. (மருத்துவ உதவியாளர்), பார்மசிஸ்ட் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நீரிழிவு, ரத்த அழுத்தக்காரர்களைப் போலவே ஆஸ்துமாக்காரர்களையும் அட்டை போட்டுத் தொடர்ந்து பார்ப்பார்கள். சில கிளினிக்குகளில் ஆஸ்துமாவுக்கென்று தனி நாள் ஒதுக்கியிருப்பார்கள். சில இடங்களில் எம்டிஏசி என்ற பெயரில் பார்மசிஸ்ட் நடத்தும் தனிச் சந்திப்பு இருக்கும். மருந்தை ஒழுங்காக எடுக்கப் பழக்குவதற்கே அது. எல்லாக் கிளினிக்கிலும் ஆஸ்துமாவுக்கு எம்டிஏசி கிடையாது. மருந்துக் கவுண்ட்டரில் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அங்கே இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று கேட்டு வாருங்கள்.

நம்மில் நிறையப் பேர் மூச்சு முட்டும்போது எமர்ஜென்சிக்குப் போய்க் கேஸ் எடுத்துக்கொண்டு வருவதையே வைத்தியம் என்று வைத்திருக்கிறோம். அன்றைய மூச்சு அதில் திரும்பிவிடும், நோய் அங்கேயேதான் இருக்கும். எமர்ஜென்சியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு 2 முதல் 7 நாளுக்குள் கிளினிக்கில் ஆஜராகிவிடுங்கள். குழந்தை என்றால் அடுத்த ஓரிரு நாளிலேயே. பயிற்சி கேட்க அதைவிட நல்ல சமயம் இல்லை. சம்பவம் புதிதாக இருக்கும்போது அவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

அடையாள அட்டை இல்லாமல் கவுண்ட்டரைத் தாண்ட முடியாது. பெரியவர்களுக்கு மைகார்ட். பிள்ளைகளுக்கு மைகிட், அதோடு சூராட் பெரானாக்கின் (பிறப்புச் சான்றிதழ்) நகல் ஒன்று. பிள்ளையைப் பாட்டியோ சித்தியோ கூட்டிப் போவதானால் பெற்றோரின் ஐசி நகலையும் ஒரு போன் நம்பரையும் கொடுத்தனுப்புங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது வந்தே தீரும்.

பழைய அட்டை, தெமு ஜன்ஜி (சந்திப்புத் தேதி) புத்தகம், தனியார் கிளினிக் கடிதம், எக்ஸ்ரே எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, வீட்டில் இருக்கும் பம்ப் அத்தனையும் எடுத்துப் போங்கள். காலியானது, பாதி இருப்பது, அக்காவிடமிருந்து இரவல் வாங்கியது, பார்மசியில் காசு கொடுத்து வாங்கியது, எல்லாம். ஸ்பேசர் (பம்ப்பில் மாட்டும் பிளாஸ்டிக் குழாய்) இருந்தால் அதுவும். "என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால் "நீலக் கலர் ஒண்ணு, இன்னொண்ணு என்னமோ" என்று சொல்வதைவிட மேசையில் எடுத்து வைத்துவிடலாம். நீங்கள் எப்படி அழுத்துகிறீர்கள் என்று உங்கள் பம்ப்பிலேயே பார்க்கவும் பார்மசிஸ்ட்டுக்கு அதுதான் வேண்டும்.

மற்ற மருந்துகளையும் மறக்காதீர்கள். பிரஷர் மாத்திரை, உடம்பு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை இரண்டும் முக்கியம். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். புரோப்ரனொலால் போன்ற சில மாத்திரைகளும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. பாசார் மாலாமில் விற்கும் ஜாமு, மாஜூன் எடுப்பவர்கள் அதையும் வெட்கப்படாமல் காட்டுங்கள். "இதைச் சாப்பிட்டதும் இழுப்பு பறந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்த நாட்டு மருந்துகளை இந்த நாட்டில் பலமுறை பிடித்திருக்கிறார்கள். டப்பாவில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

3. போவதற்கு முன் எழுத வேண்டிய குறிப்பு

சந்திப்புக்கு முந்தைய 4 வாரத்தை யோசித்து நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இழுப்போ இருமலோ வந்ததா? இரவில் எழுப்பியதா? நீலப் பம்ப்பை (மூச்சு முட்டும்போது எடுப்பது) வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுத்தீர்களா? மாடிப்படி, மரம் வெட்டு, கூட்டுகிற வேலை என்று எதையாவது நிறுத்தினீர்களா? ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் நோய் முழுதாகக் கட்டுக்குள் இல்லை.

கிளினிக்கில் ஏசிடி என்ற ஐந்து கேள்வித் தாளைக் கொடுக்கக்கூடும். மொத்தம் 25 மதிப்பெண். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் நல்லது, 15 அல்லது அதற்குக் கீழே என்றால் மோசம். பலர் "நல்லாத்தான் இருக்கு" என்று எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். எங்கள் அம்மாவும் அந்தக் கட்சிதான். ஐம்பது வருடம் இழுப்போடு வாழ்ந்தவருக்கு ராத்திரி இரண்டு தடவை எழுந்து உட்காருவது நோயாகவே தெரியாது. கூடப் படுக்கிறவர்களைக் கேட்டு எழுதுங்கள், அதுதான் நிஜம்.

4. செலவு

கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. டாக்டர், மருந்து, பயிற்சி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். 60 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கும் ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அந்த ஒரு வெள்ளியும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு 5 வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு நேராக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனால் முதல் தடவை அதைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதனால் அந்தக் கடிதத்தை முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, அரசாங்கக் கடிதமாக மாற்றிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு, அதிகம். நம் தோட்டங்களில் சிவப்பு ஐசியோடும் (நிரந்தரவாசி அட்டை) எந்த ஐசியும் இல்லாமலும் இருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிப் போவதானால் கவுண்ட்டரில் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். பில் கையில் வந்த பிறகு தகராறு செய்து பயனில்லை.

ஸ்பேசரும் பீக் ஃப்ளோ மீட்டரும் (மூச்சின் வேகத்தை ஊதி அளக்கும் கருவி) வெளியே வாங்க வேண்டி வரலாம். கிளினிக்கில் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், பிறகு இரண்டு மூன்று பார்மசியில் விலை விசாரியுங்கள். கடைக்குக் கடை நிறைய வித்தியாசம். உங்கள் பம்ப்பின் வாய் அந்த ஸ்பேசரில் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

உண்மையான செலவு போக்குவரத்தும் அன்றைய கூலியும்தான். அதைக் குறைக்கும் வழி அடுத்த படியில்.

5. நாளும் நேரமும்

கிளினிக் காலை 8க்குத் திறக்கும். 7:30க்குப் போய் உட்கார்ந்தால் மதியத்துக்குள் முடியும். வெள்ளிக்கிழமை வேண்டாம். பேராக்கில் 12:15 முதல் 2:45 வரை தொழுகை இடைவேளை, அதில் மாட்டினால் நாள் போய்விடும். திங்கட்கிழமையும் கூட்டம். செவ்வாய், புதன், வியாழன் நல்லது. நீண்ட விடுமுறைக்கு அடுத்த நாள் பக்கமே போகாதீர்கள்.

முதல் தடவை சும்மா போய் நம்பர் எடுக்கலாம். அடுத்து வருவதற்குத் தேதி கொடுப்பார்கள். மைசெஜாத்ரா செயலியிலும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு நாள் பதிவு செய்யலாம். அப்பா அம்மாவுக்காகப் பிள்ளைகள் செய்து கொடுங்கள்.

தினக்கூலிக்கு வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். பயிற்சிக்கும் தொடர் சந்திப்புக்கும் வந்தால் பெரும்பாலும் எம்சி தரமாட்டார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை கிளினிக்கில் இருந்தீர்கள் என்ற சீட்டுதான் கிடைக்கும். அதற்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது முதலாளியைப் பொறுத்தது. அதனால் முதல் நாளே மண்டோரிடமோ கிராணியிடமோ தெமு ஜன்ஜி அட்டையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். நிஜமாகவே மூச்சுத்திணறி வேலை செய்ய முடியாமல் டாக்டர் எம்சி கொடுத்தால் அது வேறு. வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: 2 வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்துக்கு 14 நாள், 2 முதல் 5 வருடத்துக்கு 18, அதற்கு மேல் 22.

6. டாக்டர் அறையில்

நேரம் குறைவு. எழுதி வைத்த குறிப்பைக் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு இருப்பது ஆஸ்துமாதானா, சோதித்தாகிவிட்டதா? தினமும் எடுக்க வேண்டிய பம்ப் எது? எனக்கு எழுத்தில் ஒரு திட்டம் தர முடியுமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மலாயில் 'பெலான் திண்டாக்கான் அஸ்மா' (ஆஸ்துமா செயல்திட்டம்) என்பார்கள். அதைப் பற்றி 9ஆம் படியில்.

நீலப் பம்ப் மட்டும் வைத்துக் காலம் ஓட்டுபவர்கள் இதையும் கேளுங்கள். நீல நிறத்தில் வரும் சல்புட்டமோல் சுருங்கிய மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் விரித்து வைக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்புப் பம்ப்தான். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களும் பெரிய பிள்ளைகளும் நீலப் பம்ப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்று சொல்கிறது. 200 பஃப் (அழுத்து) கொண்ட நீலப் பம்ப் வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் பெரிய இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது, மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நீலப் பம்ப்பைப் பார்மசியில் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்க முடிவதால் இந்தக் கணக்கு டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும். வெளியே வாங்கியதையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.

7. பார்மசிஸ்ட்டிடம் உட்காருவது

மருந்து வாங்கும் ஜன்னலில் நின்றபடியே பம்ப்பைக் கையில் கொடுத்து, "பாகி சத்து, மாலாம் சத்து" (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கும், நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அப்படி வராதீர்கள். "சயா நாக் பெலாஜார் சாரா குனா இன்ஹேலர், போலே?" (பம்ப் எடுக்கும் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும், முடியுமா?) என்று கேளுங்கள். கூட்டம் குறையும் வரை உட்காரச் சொல்வார்கள், அல்லது வேறொரு நாள் தருவார்கள். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் அவர் செய்து காட்டுவதைப் பார்ப்பது மட்டும் போதாது. நீங்கள் செய்து காட்டி, அவர் திருத்த வேண்டும். "நான் செய்றேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். வழக்கமாக எங்கே தவறுகிறது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த நேரம் வீணாகாது.

அழுத்துகிற பம்ப்: குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வாயில் வைத்து உதட்டை இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போது அழுத்துங்கள். இழுப்பது மெதுவாக, ஆழமாக இருக்க வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சை அடக்குங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி எடுங்கள். பஃப் பஃப் என்று அடுத்தடுத்து அழுத்தினால் மருந்து நாக்கில்தான் உட்காரும்.

கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்து வராதவர்களுக்கு ஸ்பேசர். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது இல்லாமல் சரிவராது. ஒரு தடவைக்கு ஒரு பஃப் மட்டும் அழுத்தி, நாலைந்து மூச்சு இழுக்க வேண்டும். ஸ்பேசரை மாதம் ஒரு தடவை பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

திருகுகிற பம்ப் முற்றிலும் வேறு. டர்புஹேலரைக் குலுக்க வேண்டியதில்லை. நேராக நிமிர்த்திப் பிடித்துத் திருகி, 'கிளிக்' சத்தம் கேட்டபின், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதற்குள்ளே மூச்சை ஊதக்கூடாது, தூள் ஈரமாகிவிடும். ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும், அது ஈரம் உறிஞ்சும் பொருள், மருந்து அல்ல. மருந்து தீர்ந்த பிறகும் அந்தச் சத்தம் வரும். சத்தத்தை நம்பிக் காலிப் பம்ப்பை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை காட்டும் சின்ன ஜன்னலைப் பாருங்கள். அழுத்துகிற பம்ப்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழைய முறையும் நம்பக்கூடியதல்ல.

ஸ்டீராய்டு பம்ப் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும், குரல் கம்மும். அம்மாவுக்கு நாங்கள் சொன்ன வழி, பல் விளக்குவதற்கு முன் பம்ப். கொப்பளிப்பது தானாக நடந்துவிடும்.

கலரை வைத்து மருந்தை அடையாளம் வைக்காதீர்கள். கம்பெனி மாறினால் கலரும் மாறும், சில சமயம் கருவியே மாறிவிடும். அழுத்துகிற பம்ப் போய்த் திருகுகிற பம்ப் வந்தால், மருந்து அதேதான் என்று சொன்னாலும் பயிற்சியை மறுபடி கேளுங்கள்.

8. மொழி

பாடம் மலாயில் நடக்கும், சில சமயம் ஆங்கிலத்தில். தமிழ் தெரிந்த ஊழியர் அன்று இருப்பார் என்று சொல்ல முடியாது. அம்மா பாட்டியை அனுப்பிவிட்டு வெளியே காரில் உட்காராதீர்கள், மலாய் நன்றாகத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் உள்ளே போகட்டும். செய்து காட்டுவதைக் கைப்பேசியில் படம் பிடிக்க அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே பம்ப்பில் பிளாஸ்டர் ஒட்டித் தமிழில் எழுதுங்கள்: "தினம் காலை 2, இரவு 2, வாய் கொப்பளி" என்றும், "முட்டும்போது மட்டும்" என்றும்.

தனியாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் உதவும். மூச்சுத்திணறல் 'செசாக் நாஃபாஸ்', இரவு இருமல் 'பாத்தோக் மாலாம்', இழுப்பு 'லெலா'. எமர்ஜென்சி கவுண்ட்டரில் முதலில் 'செசாக் நாஃபாஸ்' என்று சொல்லுங்கள், ஐசியைத் தேடுவது அப்புறம். ஆஸ்துமாக்காரர்களுக்குத் தனி இடம் வைத்திருக்கும் எமர்ஜென்சிகள் நிறைய.

9. எழுத்தில் உள்ள திட்டம்

இது ஒரு பக்கத் தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதி. நன்றாக இருக்கும்போது எந்தப் பம்ப், எத்தனை, மோசமாகத் தொடங்கினால் எதைக் கூட்டுவது, எப்போது எமர்ஜென்சி. பீக் ஃப்ளோ மீட்டர் வைத்திருந்தால் எண்களும் இருக்கும். மூன்று தடவை ஊதி, அதில் பெரியதை எடுக்க வேண்டும். உங்கள் சொந்த உச்ச அளவு 400 என்றால் அதில் 80 சதவீதம் 320. அதற்கு மேல் பச்சை. மஞ்சளும் சிவப்பும் எங்கே பிரிகின்றன என்பதற்கு டாக்டர் உங்கள் தாளில் எழுதும் எண்தான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்து எழுதக்கூடாது. உயரம், வயது, ஆண் பெண் எல்லாவற்றுக்கும் அது மாறும்.

வெறும் படிவத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் உங்களுக்கென்று எழுதியிருக்க வேண்டும். ஒரு நகலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், இன்னொன்று கைப்பேசியில். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் ஒன்று, புத்தகப் பையில் ஒரு நீலப் பம்ப்.

சிவப்பு எது என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போவது, விலா எலும்புக்கிடையே சதை உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, நீலப் பம்ப் எடுத்தும் அடங்காதது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாளில் எழுதியபடி நீலப் பம்ப்பை ஸ்பேசரோடு கொடுத்துக்கொண்டே 999க்கு அழையுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ராத்திரியில் கேட் பூட்டியிருக்கும், லயத்துக்கு வரும் செம்மண் பாதை ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. காவல்காரர் நம்பரை அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். ஒருவரை மெயின் ரோட்டு முனையில் டார்ச்சோடு நிற்க வையுங்கள். யார் வீட்டில் கார் இருக்கிறது, இரவில் யாரை எழுப்பலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

10. தூண்டுவது எது என்று சொல்லுங்கள்

வீட்டையும் வேலையையும் பற்றிக் கேட்பார்கள். கிளினிக் தாளில் தூசி, பூனை முடி, குளிர் என்று பொதுவாக இருக்கும், நம் வீட்டுச் சங்கதி இருக்காது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, தீபாவளிப் பட்டாசு, டிங்கிக்கு அடிக்கும் புகை, குப்பை எரிப்பது, புல்லுக்கு மருந்து அடிப்பது, ஆலைப் புகை, கோழிக் கூண்டு. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாம்பிராணியை வாசலுக்கு வெளியே போடலாம், இழுப்புக்காரர் அந்த நேரம் பின்கட்டில் இருக்கலாம்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்றது என்று கணக்கு. அன்று வெளி வேலையைக் குறைக்க வேண்டும், தடுப்புப் பம்ப்பை ஒரு வேளையும் விடக்கூடாது.

வேலைக்குப் போகும் நாளில் மோசம், லீவு நாளில் தேவலை என்றால் அதைத் தனியாக அழுத்திச் சொல்லுங்கள். வேலையால் வரும் ஆஸ்துமா என்று ஒன்று உண்டு. டாக்டர் அப்படிச் சந்தேகப்பட்டால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான பெர்கெசோவில் (சொக்சோ) இழப்பீடு கேட்கும் வழி இருக்கிறது. அதற்கு டாக்டர் எழுதிய குறிப்புதான் ஆதாரம்.

11. ஈப்போவுக்கு அனுப்பினால்

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனைக்கோ ஸ்பெஷலிஸ்ட்டுக்கோ ராஜா பெர்மாய்சூரி பைனுன் ஆஸ்பத்திரிக்கு எழுதுவார்கள். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தேதி சில வாரமோ சில மாதமோ தள்ளி வரும். நடுவில் மோசமானால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் கிளினிக்குக்கே திரும்பிப் போங்கள்.

ஸ்பைரோமெட்ரிக்கு முன் எந்தப் பம்ப்பை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று தேதி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீலத்துக்குச் சில மணி நேரம், நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்துக்கு அதைவிட அதிகம். தெரியாமல் காலையில் பம்ப் அடித்துவிட்டுப் போனால் சோதனையை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிடலாம், அத்தனை தூரம் போனது வீண். ஆனால் அன்று காலை மூச்சு முட்டினால் பம்ப்பை எடுத்துவிடுங்கள், போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஸ்பெஷலிஸ்ட் எழுதும் மருந்துக்கு மாதாமாதம் ஈப்போ போக வேண்டியதில்லை. எஸ்பியுபி என்ற ஏற்பாட்டில் மீதி மாதங்களின் மருந்தை உங்கள் ஊர் அரசாங்க மருந்துக் கவுண்ட்டரில் வாங்கிக்கொள்ளலாம். இதையும் கேட்டால்தான் செய்வார்கள். முதல் தடவை மருந்து வாங்கும்போதே அங்கே பதிந்துவிடுங்கள், அடுத்த வாங்கல் தேதிக்கு முன் ஊர்க் கவுண்ட்டருக்குப் போன் செய்து மருந்து வந்துவிட்டதா என்று உறுதிப்படுத்துங்கள்.

12. அடுத்த சந்திப்பு

வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதத்தில் தேதி தருவார்கள். நன்றாக இருக்கிறது என்று அந்தத் தேதியை விடுபவர்கள்தான் அதிகம். தடுப்புப் பம்ப்பையும் அப்படித்தான் நிறுத்துகிறோம். நன்றாக இருப்பதே அந்தப் பம்ப்பால்தான். பல மாதம் கட்டுக்குள் இருந்தால் அளவைக் குறைப்பதை டாக்டரே செய்வார். கர்ப்பிணிகளும் தாங்களாக நிறுத்தக்கூடாது. குழந்தைக்கு ஆபத்து பம்ப்பைவிட இழுப்பில்தான் அதிகம்.

பம்ப் பழகிவிடும், நெஞ்சு பலவீனமாகும் என்று தோட்டத்தில் யாராவது சொல்வார்கள். தடுப்புப் பம்ப்பில் அப்படி அடிமையாக ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் அதையும் ஒரு கேள்வியாக எழுதிக்கொண்டு போய் பார்மசிஸ்ட்டிடமே கேளுங்கள்.

ஒவ்வொரு சந்திப்பிலும் பம்ப்பை எடுத்து ஒரு தடவை செய்து காட்டுங்கள். பழகப் பழகக் கை சுலப வழியைத் தேடும். தேதியை மாற்ற வேண்டுமென்றால் அன்றைக்கு முன்பே போன் செய்யுங்கள். சும்மா வராமல் இருந்தால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதற்குள் பம்ப் தீர்ந்துவிடும்.